பிரிவு ஏழு, உட்பிரிவு உ

பாலிசி புதுப்பிக்கிற மாதம் ஏற்காட்டில்
காப்பி பூத்திருக்கும்.
ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை உள்ளே வந்து
கோப்புகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

செபமாலை எஸ்டேட்டில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்.
அவர்களின் இன்சூரன்ஸ் அட்டைக்கு
பிளாஸ்டிக் உறை போடுகிறவள் நான்.
பாம்புக்கடி உண்டு. கண்புரை உண்டு.
குடித்துவிட்டுப் பதினோராம் வளைவில் விழுந்த
டிரைவர் சவரியின் தொடை எலும்புக்கும்
ஐயா போனில் பேசி, உண்டு.
பிரசவம் உண்டு, எத்தனையானாலும்.
பிரசவம் வராமலிருக்க
ஒன்றும் கிடையாது.

அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான்,
ஐயா சொல்லச் சொல்ல.
சேலத்திலிருந்து இன்சூரன்ஸ்காரன்
"சேர்த்தாலும் ஆளுக்கு அம்பது ரூபா ஆகாது சார்" என்றான்.
"காசில்லை தம்பி, மனசாட்சி."
குரலில் கோபமில்லை.
அவர் பொய் சொல்கிறவரில்லை.
என் அம்மாவின் இருதய வால்வுக்கு
அவர் எழுதிக் கொடுத்த காசோலை
ராத்திரியில் இப்போதும் கேட்கும்,
பக்கத்துப் பாயில், டிக் டிக்கென்று.

அதனால் நான் சண்டைக்குப் போகவில்லை.

மூன்றாவது சிசேரியனுக்குப் பிறகு பவுலினா
ஓர் எஸ்டிமேட் கொண்டுவந்தாள்.
இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
காப்பர்-டி என்று நீல மையில் இருந்தது.
பிரிவு ஏழு, உட்பிரிவு உ
என்று சிவப்பு மையில் எழுதினேன்.
அவள் எழுத்தைப் படிக்கவில்லை.
மையைப் பார்த்தாள்.

"கீழ பெரியாஸ்பத்திரில இலவசம்தானே"
என்றேன், ஏதோ நான் கொடுப்பதுபோல.
இலவசம்தான்.
மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி,
வரிசையில் நின்று,
டாக்டரம்மா இன்றைக்கு லீவு என்று கேட்டுக்கொண்டு,
கடைசி பஸ்ஸில் மறுபடி இருபது.
வளைவுக்கு வளைவு பலகை,
இருபதில் ஒன்பது, இருபதில் பத்து என்று.
உடம்பை யாரோ பின்னம் போட்டு
ரோட்டோரம் நட்டுவைத்த மாதிரி.
இரண்டாம் தடவை அவள் இறங்கவில்லை.
பழம் பறிப்பு தொடங்கிவிட்டது.

டிசம்பரில் ஸ்டோர் ரூம் இம்மானுவேலின் மனைவி
அதே வகை மாத்திரைக்குச் சீட்டு கொண்டுவந்தாள்,
இருபத்தோரு நாள் அட்டை.
அதிக ரத்தப்போக்கு என்று டாக்டர் எழுதியிருந்தார்.
பணம் வந்துவிட்டது!
நோய்க்கென்றால் வானத்துக்குச் சம்மதம் போல.

அதற்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன்:
"ரத்தப்போக்கு இருக்குதானே?"
முழிப்பார்கள்.
"இருக்கு. டாக்டர்கிட்டயும் சொல்லு" என்பேன்.
பதினேழு பேர் ஆனபோது
இன்சூரன்ஸ்காரன் கூப்பிட்டான்.
"உங்க மலைத் தண்ணில ஏதாவது இருக்கா மேடம்?"
பனி என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் பொய்யென்று மட்டும் சொன்னேன்.
எத்தனை தடவை என்றார் சாமியார்.
எண்ணிக்கை என் தொழில். சரியாகச் சொன்னேன்.
ஐயாவுக்குப் பிள்ளைகள் இரண்டு,
நடுவில் ஒன்பது வருஷம்.
அந்த ஒன்பது வருஷத்தின் பில் எதுவும்
என் மேசைக்கு வந்ததில்லை.
இதைச் சாமியாரிடம் சொல்லவில்லை.
அது என் பாவமில்லையே.

நேற்று பவுலினாவின் கோப்பு வந்தது.
நாலாவது பிரசவம், உண்டு.
ரத்தம் ஆறு பாட்டில், உண்டு.
கர்ப்பப்பை அகற்றம், முழுத் தொகையும் உண்டு.
குழந்தையைப் பற்றித் தனித்தாளில் இருந்தது.
ஐயா ஹார்லிக்ஸோடு ஆஸ்பத்திரிக்குப் போய்
கட்டிலருகே வெகுநேரம் நின்றாராம், கண் கலங்கி.
நம்புகிறேன்.

நோய் என்ற கட்டத்தில்
அதிக ரத்தப்போக்கு என்றிருந்தது.

இதை நான் எழுதச் சொல்லவில்லை.