மொறுக்

வெள்ளிக்கிழமையிலிருந்து பேச்சில்லை.

லிங்கராஜபுரம் பன்றிக்கறிக் கடையில்
எலும்போடு நாலு துண்டு
கன்னடத்தில் கேட்டேன்.
கடைக்காரர்
தமிழில் சில்லறை தந்தார்.

பூரிக்கட்டையால் நான் தட்டத் தட்ட
மேல்வீட்டு டிவி சத்தம் குறைந்தது.
சண்டை முற்றிவிட்டதென்று
நினைத்திருப்பார்கள்.

மைதா தயார். முட்டை அடித்தாயிற்று.
ரஸ்க்கைப் பொடிக்க
மிக்சி ஜார் மூடியைக் காணோம்.
கேட்கவும் முடியாது.
எமல்டா எழுந்து வந்து
ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து
மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் துண்டு கருகியது,
அது எனக்கு.
இரண்டாவது பொன்னிறம்.
எலுமிச்சை பிழிந்து
அவள் பக்கம் தள்ளினேன்.

கடித்தாள்.
மொறுக்.
மூன்று நாள் வீட்டில்
அவ்வளவு பெரிய சத்தம் கேட்கவில்லை.

மென்றாள். விழுங்கினாள்.
"உப்பே போடலியா?"

இன்னும் இரண்டு துண்டு இருக்கிறது.
எண்ணெய்
சூடாகத்தான் இருக்கிறது.