கொழுப்பு

டிசம்பர் கடைசியில் முனிர்காவில்
தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும்.
பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினால்
தட்டுகிற சத்தம்தான் விழும்.
பக்கத்திலேயே நல்லெண்ணெய்,
குளிரைக் கேள்விப்படாததுபோல்
சாய்த்த பக்கமெல்லாம் சாயும்.

விசாரித்தால் காரணம் சின்னது.
தேங்காயின் வால்கள் நேரானவை,
பள்ளி அசெம்பிளி மாதிரி
தோளோடு தோள் ஒட்டி நின்றுவிடும்.
எள்ளின் வாலில் ஒரு முழங்கால் மடிப்பு.
ஒன்றை ஒன்று நெருங்கவிடாத
அந்தக் கோணல்தான்
உறையாமல் காக்கிறது.
என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்
இதையே நூற்றுப் பன்னிரண்டு பக்கம் சொல்லும்.

அம்மா என்னைத் திட்டிய சொற்கள்:
தலைக்கனம். வாலுத்தனம். கொழுப்பு.
மூன்றும் ஒரே மூலக்கூற்றின் வர்ணனை என்று
அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
தலை தண்ணீரைத் தேடும்.
வால் இரண்டும் தண்ணீரென்றால் ஓடும்.
ஒளிய வேறு இடமில்லாமல்
எதிரே வருவதன் வாலோடு வால் சேர்க்கும்.
இரண்டு ஆள் கனத்தில் ஒரு சுவர்.
பசை கிடையாது. ஆணி கிடையாது.
ஓரம் நனையுமே என்ற கூச்சத்தில்
வளைந்து வளைந்து தன்னையே மூடிக்கொள்ளும்.
உலகத்தில் முதன்முதலாக
'உள்ளே' என்று ஓர் இடம்
இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

அந்தச் சுவரில் யாருக்கும் நிரந்தர இடமில்லை.
ஒரு நொடிக்குள் பக்கத்து ஆளோடு
பல லட்சம் முறை இடம் மாறும்.
வெளியடுக்கிலிருந்து உள்ளடுக்குக்கு
ஒரே ஒரு குட்டிக்கரணம் போட மட்டும்
நாள்கணக்காகும்.

நாலாம் மாடியில் நாங்களும் அப்படி.
லால்ரின்பூயி காலி செய்த அறைக்கு அனுசுயா,
அனுசுயா அறைக்கு நான்.
ஆறு வருஷத்தில் ஒருத்தியும்
கீழ்த்தளத்து வாசலைத் தாண்டியதில்லை.
வாடகை, கம்பிக்கதவின் இடுக்கு வழியாக.

நேற்று அந்தக் கதவு திறந்தது.
ஓம்வதி ஆன்ட்டி, கையில் லேப் ரிப்போர்ட்.
"நீ டாக்டராமே?"
"அந்த டாக்டர் இல்லை ஆன்ட்டி."
"ஏதோ ஒன்று. உள்ளே வா."

ரஜாய்க்குள் சௌத்ரி. மடியில் வேர்க்கடலைத் தோல்.
கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்தெட்டு.
நெய் டப்பாவைப் பூட்டிவிட்டாளாம்.
பாவி, திருடன் என்று
அவள் அந்த எண்ணைத் திட்டத் திட்ட
எனக்கு வாய் துறுதுறுத்தது.
பெரிய டாக்டரைப் பாருங்கள்,
மாத்திரையை விடாதீர்கள் என்றேன்.
சொல்லாமல் விட்டது:
அவருடைய செல் ஒவ்வொன்றின் சுவரிலும்
வால்களுக்கு நடுவே அதே திருடன் உட்கார்ந்து,
ஆடுவதை அடக்கி, இறுகுவதைக் கலைத்து
கல்லாகவும் விடாமல்
கரையவும் விடாமல்.

"சர்பி ஏறிவிட்டது இவருக்கு,
சொன்னால் கேட்பதில்லை" என்றாள்.
இவர்கள் மொழியிலும் அந்தச் சொல்லுக்கு
அதே இரண்டாவது அர்த்தம்.
சிரித்துவிட்டேன். ஏனென்று கேட்கவில்லை அவள்,
அலமாரிப் பூட்டைத் திறந்து
ஒரு லட்டை என் கையில் அழுத்தினாள்.

மாடிக்கு வந்து குழாயைத் திறந்தேன்.
விரல் விறைக்கும் தண்ணீர்.
அது ஓடிக்கொண்டே இருந்தது.
நெய் போகவில்லை.