போலே

பங்கானி ஆற்றங்கரையில்
ஸுஹுரா மீன் பொரிக்கிறாள்.

கால் தடுக்கினால்
கல்லுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ
படகிலிருந்து 'போலே' என்கிறார்.
காய்ச்சலுக்கும் அதுவே. மூட்டை தூக்குகிறவனுக்கும்.
அவள் தாயை அடக்கிய அன்று
ஊரே வந்து வைத்துவிட்டுப் போனதும்
அந்த ஈரெழுத்துதான்.
இருமுறை சொன்னால் 'மெதுவாக':
ஆடுகளைப் படகில் ஏற்றும்போது கேட்கலாம்.

தமிழில் எழுதிப் பார்த்தேன், உவம உருபு.
எதைப் போலே?
சொல்லாமல் நிற்கிறது.

இரண்டு வருடம் மொம்பாசாவில் வேறொருத்தியோடு இருந்துவிட்டு
நேற்று ஷொமாரி வந்தான்.
செருப்பைக் கழற்றவில்லை.
'போலே.'

பிழை யாருடையது என்று கேட்காத சொல்.
எந்தப் போலே என்று அவளும் கேட்கவில்லை.
மீனைத் திருப்பிப் போட்டாள்.

பந்தலுக்குள் ஓர் எட்டு வைத்தான்.

'போலே போலே,' என்றாள்.
'எண்ணெய் கொதிக்கிறது.'