பாதித் துளை

டுலூத் நகரில் பிப்ரவரி.
வெண்டல் இருட்டிலேயே எழுந்து
சட்டையின் ஆறு பொத்தான்களையும்
தானே போட்டு முடித்தபோது
உறைந்த ஏரிக்குமேல் வெளுத்திருந்தது.

இன்று கவுன்ட்டி அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறாள்,
வருடத்துக்கு ஒருமுறை, கேள்வித்தாளோடு.
மாநில அரசு அவனுக்கான கைகளைப்
பதினைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கித் தருகிறது:
குளிக்க இரண்டு, சாப்பிட ஒன்று,
ஜன்னலோரம் சும்மா இருக்க
படிவத்தில் கட்டமில்லை.

"மேல் பொத்தான் ரெண்டைக் கழற்றிவிடு"
என்கிறாள் ஒடெட், உதவிக்கு வருபவள்.
"முடியும்னு தெரிஞ்சா குறைச்சிடுவாங்க."

தெரியும்.
போன வருடம் பெருமையாகக்
கரண்டி பிடித்துக் காட்டினான்.
வாரத்தில் மூன்று மணி நேரம் போயிற்று.
அவளுக்கும் அதில் சம்பளம் போயிற்று.

முன்பு இருந்த விடுதியில்
இருபத்திரண்டு வருடமும் தலைவழி மாட்டும் அங்கிதான்.
முடியுமா முடியாதா என்று
அங்கே யாரும் கேட்டதேயில்லை.

அழைப்புமணி.
கோணிய விரல்கள் கழுத்தடிக்கு ஏறுகின்றன.
கழற்றுவதும் லேசில்லை, அதற்கும் நேரம் பிடிக்கும்.
மறுபடி மணி.

"இருங்க, வர்றேன்" என்கிறான்
தன் பெயர் ஒட்டிய கதவுக்கு உள்ளிருந்து.
மேல் பொத்தான்
பாதித் துளையில் நிற்கிறது.