விழாத அடி

கெசல்ஷ்டைன் என்று பெயர் வைத்தவன்
கவிஞன் ஒன்றும் இல்லை.
வூர்ஸ்பர்க்கில் தண்ணீர் கடினம்.
எழுபத்திரண்டில்
ஒரு சலவைக்கடையின் நிலவறையில்
தேநீர்க் கெட்டிலைச் சுரண்டிக்கொண்டிருந்தான் ஃபோல்க்மார்.
அடியில் வெள்ளையாய்ப் பிடித்திருந்த சுண்ணாம்பை
நகத்தால் பெயர்த்து
இதுதான் நாம் என்றான்.
மற்ற மூவருக்கும் வேறு பெயர் தோன்றவில்லை.
பத்திரிகைக்காரர்களிடம் வேறு கதை சொல்வார்கள்.

நான் பின்னால் வந்து சேர்ந்தவன்.
ஒலிக்கலவை மேசையில் முப்பத்தோரு வருடம்.
மேடையை எப்போதும்
தலைகளுக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறேன்.
நரைத்தன, வழுக்கையாயின,
பிறகு ஒரு கோடையில்
நடுநடுவே நீலச் சாயம் பூசிய தலைகள்.

மேடையிலும் அப்படித்தான்.
எக்கார்ட்டுக்கு முதுகு போயிற்று.
டிரம்ஸுக்கு அவன் மகள் வரவில்லை,
மகளோடு சண்டைபோட்டுப் பிரிந்த காதலன் வந்தான்.
பத்து வருடம் வாசித்தான். நன்றாகவே.
ரைன்ஹில்டின் கீபோர்டு
ஒரு பல்மருத்துவ மாணவனிடம் போனது.
நெடுஞ்சாலை ஓய்விடங்களில்
எங்கள் கடைவாய்ப் பற்களை
டார்ச் அடித்துப் பார்ப்பான்.
ஃபோல்க்மார் ஒருநாள் மைக்கை மாட்டிவிட்டு
இனி மீன் பிடிக்கப் போகிறேன் என்றான்.
மைன் ஆற்றில்
இதுவரை அவனுக்கு ஒன்றும் சிக்கவில்லை.

இப்போது ஐந்து பேர்.
முதல் இசைத்தட்டு வந்த அன்று
ஐவரில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை.
வரி அலுவலகம் கேட்கிறது:
இது அதே நிறுவனம்தானா?
அதே வங்கிக் கணக்கு, அதே வேன் என்று எழுதி
வேனை மட்டும் அடித்தேன்.
இது மூன்றாவது வேன்.

அந்தப் பாட்டைச் சொல்ல வேண்டும்.
எழுபத்து நான்கு, ஒலிப்பதிவுக் கூடம்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
எக்கார்ட்டுக்குத் தும்மல் வந்துவிட்டது.
நான்காம் அடி விழவில்லை.
மறுபடி எடுக்கக் காசில்லை.
தட்டில் அச்சாயிற்று அந்த ஓட்டை.
அதன்பிறகு எந்த ஊரிலும்
ஆயிரம் கைகள் உயர்ந்து
அந்த இடத்தில் ஒரு கணம் நின்று
பிறகு இறங்கும்.
ஒரு தும்மலுக்கு
இவ்வளவு மரியாதை.

போன நவம்பர், ஓஸ்னாப்ரூக். மழை.
டிரம்ஸில் ஸ்வான்டியே, புதியவள்.
பாட்டைத் தாளில் படித்து வந்திருந்தாள்.
தாளில் யாரும் ஓட்டையை எழுதவில்லை.
அடித்தாள் நான்காம் அடியை,
கச்சிதமாக.

இருட்டில்
இல்லையென்று நம்பிய படியில்
கால் இடித்ததுபோல் ஆயிற்று அரங்கம்.
முன்வரிசைத் தாடிக்காரர் ஏதோ கத்தினார்.
அவள் கையிலிருந்து குச்சி நழுவியது,
உருண்டது.
பாஸ் கிட்டார் அவளுக்காக நின்றது.
கிட்டார் பாஸுக்காக.
பாடகன் யோரிஸ் வாயைத் திறந்தபடியே.
ஹெட்ஃபோனில் அவன் மூச்சு மட்டும்,
அதற்குப் பின்னால் தகரக் கூரையில் மழை.
ஒலியைக் குறைக்க விரலை வைத்தேன்.
குறைக்கவில்லை.
ஏன் என்று தெரியாது.

அவள் குச்சியை எடுத்தாள்.
ஐவரும் ஒன்றாக விழுந்தார்கள் பாட்டுக்குள்.

வேனில் ஒருவரும் பேசவில்லை.
பீலெஃபெல்ட் தாண்டியதும்
பல்மருத்துவன் கேட்டான்:
நாளைக்கும் செய்வோமா?
எதை?
அதை.

கசலில் செய்தார்கள்.
குச்சியைப் போடவில்லை,
அந்த நிசப்தத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.
யார் தொடங்கியது தெரியவில்லை,
பனி விடுவதற்குள்
நீலத்தலைகள் எல்லாம் அந்த இடத்தில் குனிந்து
தரையிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்து
நிமிரப் பழகியிருந்தன.
நரைத்த கைகள் இன்னும்
பழைய இடத்திலேயே உயர்கின்றன.
அங்கே இப்போது அடி விழுகிறது,
அவர்கள் அதை மன்னித்துவிட்டார்கள்.

ஜூனில் வூர்ஸ்பர்க்.
ஃபோல்க்மார் வந்திருந்தான்.
இலவசச் சீட்டு வேண்டாமென்று
வரிசையில் நின்று வாங்கினான்.
அந்தப் பாட்டு வந்தபோது பீர் வரிசையில் இருந்தான்.

எல்லாம் முடிந்தபின் மேசைக்கு வந்தான்.
எதற்கு எல்லாரும் குனிந்தார்கள்?
யாருக்காவது காசு விழுந்துவிட்டதா?

குச்சி, என்றேன்.

கிடைத்ததா?

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
இன்னும் இருபது மீட்டர் கிடந்தது.