அரசுத் தரப்பு

தம்புச்செட்டித் தெரு, மூன்றாவது மாடி.
மூச்சு வாங்க ஏறி வந்தார் வேம்புலி.
ஓட்டு மை நகக்கண்ணில் மட்டும் மிச்சம்.
மற்ற விரல்களில் சாம்பல்,
அது தேர்தலுக்கு முன்பே உள்ளது.

"இன்னிக்காவது கூப்டுவாங்களா?"

கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்றாவது வழக்கு.
எண்ணூர் கழியில் கொட்டிய சாம்பலுக்கு
நஷ்டஈடு கேட்டுப் பதினோரு வருடம்.
பறியைப் பல்லில் கடித்தபடி
கையால் இறால் தடவியவர்கள், அறுபத்தொரு பேர்.
எட்டுப் பேருக்கு வாரிசுச் சான்றிதழ் வைத்திருக்கிறோம்.
நான் குமாஸ்தா. கேஸ் கட்டைத் தூக்குகிறவன்.
நாடா இற்றுப்போய் நான்கு முறை மாற்றியிருக்கிறேன்.

ஞாயிறு ஓட்டு எண்ணினார்கள்.
திங்கள் காலை அரசு வக்கீல்கள்
வரிசையாக ராஜினாமா கொடுத்தார்கள்.
தலைமை வக்கீல் அறை வாசலில்
பெயர்ப்பலகை போய் நாலு ஆணித் துளை.
டீக்கடையில் அந்த இடத்துக்கு மூன்று பெயர் ஓடுகிறது:
ஒருவர் கட்சிக்காகச் சிறை வாசலில் நின்றவர்,
ஒருவர் சம்பந்தி வகை,
மூன்றாமவர் நன்றாக வாதாடுவார், அதனால் சந்தேகம்தான்.

வேம்புலி கேட்டார்:
"அவருக்கு எந்த பூத்துல ஓட்டு?"

ஓட்டு கிடையாது, நியமனம் என்றேன்.

"நமக்கு எதுரா பேசறவரு தானே?"

ஆமாம். அரசுக்காக.

"அரசுன்னா?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
எங்கள் சீனியர் கழுத்துப்பட்டையைத் தேடுவதுபோல்
மேஜைக்கடியில் குனிந்துகொண்டார்.

கோர்ட்டில் யாரோ ஒரு ஜூனியர் எழுந்து
புது வக்கீல் பொறுப்பேற்கட்டும் ஐயா என்றான்.
அரை நிமிடம். ஜூலைக்குத் தள்ளியாயிற்று.

எனக்கு ஒன்று தெரியும், சொல்லவில்லை.
ஆட்சி மூன்று முறை மாறிவிட்டது.
அரசின் பதில் மனு மாறவேயில்லை.
'சாம்பல் தீங்கற்றது' என்ற வரியில்
'தீங்கற்ற்றது' என்று ஓர் 'ற்' கூடுதல்.
மூன்று வக்கீல்களும் அதன் கீழேதான்
கையெழுத்துப் போட்டார்கள்.

தேதி எழுதித் தரச் சொன்னார்.
சட்டைப்பையில் பூத் சிலிப்பைத் தவிர தாள் இல்லை.
அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
முன்பக்கத்தைப் பார்த்தபடியே
படி இறங்கினார்:
பாகம் எண், வரிசை எண்,
பெயர், தகப்பன் பெயர்.

பாரிமுனையில் எண்ணூர் பஸ்
இன்னும் கிளம்பியிருக்காது.