பால் தீர்ந்துவிட்டது

வின்னிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கீழே டயர் கடை. மேலே ஒத்திகைக் கூடத்தில்
பெடல் உடைந்த பியானோவும் நானும்.
மணிக்கு இருபத்தாறு டாலர்.
கருத்துச் சொல்வதற்குத் தனியாக எதுவும் கிடையாது.

கதை இதுதான்:
ஏப்ரம், கோர்னி. அண்ணன் தம்பி.
தகப்பன் விட்டுப்போன ஒரே வீட்டில்
பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை.
டிராக்டர் விற்றதில் ஏதோ தகராறு,
நாவலில் அதற்கு அரைப் பக்கம்கூட இல்லை.
ஃபிரிட்ஜ் கதவில் துண்டுச் சீட்டுகள் மட்டும்:
பால் தீர்ந்துவிட்டது.
குழாய் உறைந்திருக்கிறது, திறக்காதே.
சித்தியின் அடக்கம் வியாழன், பத்து மணி.

டெல்ஃபீன் இதை இசைநாடகமாக்குகிறாள்.
பேச்சு போதாத இடத்தில் பாட்டு பிறக்கும் என்கிறாள்.
சரிதான்.
பேச்சே இல்லாத இடத்தில்?

பேசிப் பேசி நிரம்பி வழிகிறவர்கள் பாடட்டும்,
காதலர்கள், கலகக்காரர்கள், கடன் கேட்டு வந்தவர்கள்,
தூக்குமேடையில் நிற்பவன்கூடப் பாடட்டும்.
சீட்டுக்கு நாலு சொல் தாண்டாத இவர்களைப்
பதினாறு வயலினுக்கு முன்னால் நிறுத்தினால்
கூச்சத்திலேயே செத்துப்போவார்கள்.

இதை நான் சொல்லவில்லை.
இடது கையைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் பெரிய பாட்டு.
மாடிப்படியில் கோர்னி, சமையலறையில் ஏப்ரம்,
நடுவே மேடை நிறையப் பொய்ப்பனி.
"பனியே, நீயாவது சொல்" என்று ஆரம்பிக்கும்.
தோர்லக்சன் அந்த உச்ச சுரத்தைத் தொட்டதும்
இசையமைத்த ஹ்னாத்யுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
எனக்குக் கீழே டயருக்குக் காற்றடிப்பது கேட்டது.
அது தன் வேலையை மட்டும் செய்தது.

ஒன்பதாம் நாள் திருத்திய தாள்கள் வந்து சேரவில்லை.
சும்மா இருப்பானேன், சீட்டுகளையே பாடுங்கள் என்றாள் டெல்ஃபீன்,
பாதி எரிச்சலில்.
தோர்லக்சன் சாண்ட்விச்சைப் பிரித்தபடி
வாய்க்கு வந்த மூன்று சுரத்தில்:
பால் தீர்ந்துவிட்டது.
அந்தப் பக்கமிருந்து வெஸ்லி, ஒரு சுரம் இறக்கி:
நேற்றே தெரியும்.

நாவலில் இல்லாத வரி.
யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.
அடுத்த கட்டையைத் தேடிப் போன விரலை
நான் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரிய பாட்டு போய்விடவில்லை.
டிக்கெட் விற்பதே அதுதானாம்.
சுவரொட்டியிலும் பனிதான், நீட்டிய இரண்டு கைகளோடு.

பஸ் நிறுத்தத்தில் நின்று
வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்:
எல்லாக் கதைக்கும் தொண்டை கிடையாது.
சிலவற்றுக்கு ஒரு பென்சில், ஒரு காந்தம்,
அதற்கு மேல் கொடுத்தால் அவமானம்...
பதினெட்டாம் எண் வரவேயில்லை.

இமையில் பனி கட்டிய ஒரு பெண்
அது என்ன பாட்டு என்று கேட்டாள்.
எது?
நீங்கள் முணுமுணுப்பது.

பால் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஒன்பதுக்கெல்லாம் கடையை மூடிவிடுவார்கள்,
ஓடுங்கள் என்றாள்.